மேலே வானம்தான்

ஒரு படகு வாங்குவதற்குள் ஒரு மனிதர் எத்தனை படகைத்தான் வேண்டாம் என்று சொல்வார்? டாக்டருக்கு அதில் அலுப்பே வரவில்லை. ஒன்று கனம் என்றார், ஒன்று கோணல் என்றார், இன்னொன்றின் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சொத்தைப் பல் சத்தம் கேக்குது" என்றார். அவர் பல் டாக்டர். எதைப் பார்த்தாலும் முதலில் வேரைத்தான் பார்ப்பார். பழைய படகுகள் நிற்கும் இடத்துக்குப் போனால், சட்டை அழுக்காவது பற்றிக் கவலையில்லாமல் மல்லாந்து படுத்து, நோயாளியின் வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியைப் படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருப்பார். அவர் மனைவி வெயிலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்குச் சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. தெருவில் எல்லாரும் கண்ணாடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். படகு ஆசை உண்மையில் அவளுடையதுதான். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் கொஞ்ச தூரம் வளைந்து போய்க் காயலில் சேரும். காயலின் அந்தக் கரையில் அவள் அக்கா தனியாக இருந்தாள். கண்ணாடியம்மா காரில் போய் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் சின்ன வயதில் அக்கா சுக்கானைப் பிடிக்க, இவள் பாய்க் கயிற்றைப் பிடிக்க, இரண்டு பேரும் அந்தக் காயலையே ஒரு கலக்குக் கலக்கியவர்கள். வெளியூரில் இருக்கும் அக்காவின் மகன், "இங்கயே வந்துடும்மா" என்று ஆரம்பித்ததும், அக்கா போனில் சொன்னாள்: "போறதுக்குள்ள ஒரு தடவை சுக்கானைப் பிடிச்சுடணும்டி."

அவ்வளவுதான் கேட்டாள். தங்கம் கேட்டாளா, வைரம் கேட்டாளா?

காயலில் நீர் வடியும் நேரத்தில் முழங்கால் நனையும், அவ்வளவுதான் ஆழம். அடியில் கனமான கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் படகு என்றால் பாதி வழியில் சேற்றில் குந்திவிடும். அதோடு அக்காவுக்கு மூட்டுவலி. ஏணி வைத்து ஏறுகிற படகு ஆகாது; மணல் வரைக்கும் வந்து நின்றால்தான் அவளால் காலை எடுத்து வைக்க முடியும். இதையெல்லாம் டாக்டர் நன்றாகவே புரிந்துகொண்டார். கொஞ்சம் அதிகமாகவே புரிந்துகொண்டார். நீளமான மூங்கில் கோலில் அடையாளக் கோடுகள் போட்டு, நீர் ஏறும்போதும் வடியும்போதும் கால்வாயை ஊன்றி ஊன்றி அளந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் கோலோடுதான் வந்தார்.

ஆரம்பத்திலேயே ஒரு நல்ல படகு வந்தது. தட்டையான அடி, நடுவில் மேலும் கீழும் ஏறி இறங்கும் பலகை. பாய்மரம் கூட அடியில் ஒரு கீல் வைத்து மடங்கும்.

"இது படகா, மடக்குக் குடையா?" என்று டாக்டர் மூக்கைச் சுளித்தார்.

"மடங்கினா என்னங்க? மிதக்குதுல்ல?"

"ஒரு வேலையச் செஞ்சா ஒழுங்காச் செய்யணும்மா. அவசரப்படாத."

மாதங்கள் ஓடின. அக்கா இப்போதெல்லாம் படகைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். அது கண்ணாடியம்மாவை இன்னும் அறுத்தது. கடைசியில், மகன் வரப்போகும் நாள் முடிவான பிறகு, டாக்டருக்கு ஒரு படகு பிடித்தது. அடிப்பலகை ஏறி இறங்கியது, சுக்கானும் தூக்கிக்கொண்டது, எங்கே தட்டினாலும் கிண்ணென்று சத்தம் வந்தது. விற்றுக்கொடுத்த தரகர் ஒரு குட்டி மோட்டாரையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். பாய்மரப் படகுக்கு மோட்டார் அவமானம் என்று டாக்டர் மறுத்துவிட்டார்.

"வழியில மேல ஏதாவது இருக்கா சார்? ஒயர், மரம், அந்த மாதிரி?" என்று தரகர் கேட்டார்.

"மேல வானம்தான்" என்றார் டாக்டர்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த வேடிக்கைப் பேச்சு. கண்ணாடியம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

சனிக்கிழமை படகு டிரெய்லரில் வந்தது. ஆட்கள் தோட்டத்து வழியாகக் கால்வாயில் இறக்கி, பாய்மரத்தை நட்டு, கயிறுகளை முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகனோடு கிளம்புகிறாள். ஞாயிறு காலையில் டாக்டரும் கண்ணாடியம்மாவும் படகில் ஏறினார்கள். டாக்டர் கோலால் தள்ளினார். படகு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. கால்வாய் வளைந்தது. வளைவுக்கு அப்பால் நடைபாலம் நின்றது.

இருபது வருஷமாக அந்தப் பாலத்தில்தான் டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அவள் அதில் ஏறித்தான் கடைக்குப் போகிறாள். ஊருக்கெல்லாம் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டுகிறவள், படகில் குனிந்து போனால்தான் தலை தப்பும் அளவுக்குத் தாழ்வான அந்தப் பாலத்தை ஒரு நாளும் அடியிலிருந்து பார்த்ததில்லை. பாய்மரம் பாலத்துக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது.

பாலத்தின் மேல் காய்கறிப் பையோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். "என்ன டாக்டர், பாலத்தையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போறீங்களா?"

டாக்டர் குனிந்தார். கோலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். "ஆழம் சரியாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தார்.

அங்கேதான் அவளுக்கு வெடித்தது. "ஆழம்! ஆழம்! ஆறு மாசமா என் உயிரை எடுத்தீங்களே! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தீங்களா?"

"நீயும்தான் தினம் அதுல போற."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் ஆத்திரம் இரட்டிப்பானது. படகைக் காயலுக்கே கொண்டுபோய் இறக்க டிரெய்லர்காரருக்குப் போன் போட்டால் திங்கட்கிழமை வருகிறேன் என்றார். திங்கட்கிழமை அக்கா எங்கே இருப்பாள்?

"கழட்டுங்க" என்றாள்.

"பாய்மரத்தையா? கழட்டினா அது வெறும் தொட்டிம்மா. காயல்ல வெச்சு நாம ரெண்டு பேரா திரும்ப நிறுத்த முடியாது."

"தொட்டியாவே இருக்கட்டும். எனக்கு இன்னைக்கு அக்கா வேணும். கழட்டுங்க!"

பக்கத்து வீட்டுக்காரர் பையை வைத்துவிட்டு இறங்கி வந்தார். மூன்று பேருமாகத் திணறி, கை தோல் உரிந்து, பாய்மரத்தைச் சாய்த்துக் கரையில் கிடத்தினார்கள். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. படகு பாலத்துக்கு அடியில் போனது. காயலில் டாக்டர் கோலை ஊன்றி ஊன்றித் தள்ளினார்.

அக்கா கரையில் பெட்டிகளைக் கட்டிவிட்டு நின்றிருந்தாள். படகு மணலைத் தொட்டு நின்றது. அக்கா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு படி ஏறுகிற மாதிரி சுலபமாகக் காலை எடுத்து வைத்தாள்.

"நல்ல படகு மாப்பிள்ளை" என்றாள். பிறகு சுற்றிப் பார்த்தாள். "பாய்மரம் எங்கடி?"

"கால்வாய்க் கரையில படுத்துக் கிடக்கு."

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் போய் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்தாள். டாக்டர் தள்ள, படகு கரையை விட்டு மெல்ல நகர்ந்தது. அப்போது தெற்கிலிருந்து காற்று கிளம்பியது. அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு ஒரே மூச்சில் கொண்டுபோய் விடுகிற காற்று. அக்காவின் தலைமுடி பறந்தது. பழக்க தோஷத்தில் அவள் சுக்கானைத் திருப்பி, "கயிறை இழுடி" என்றாள்.

கண்ணாடியம்மாவின் கை தானாக நீண்டது. பிடிக்க ஒன்றும் இல்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். முகத்தைக் காயல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அந்த மடக்குக் குடை" என்றாள் கண்ணாடியம்மா, புருஷனைப் பார்க்காமல்.

"தெரியும்" என்றார் டாக்டர். கோலை ஊன்றித் தள்ளினார்.