கரையில் புல் நிற்க வேண்டும்

1

இந்தக் கதை நானாக எழுத வந்ததில்லை. கேட்டு வாங்குகிறார்கள். திருகோணமலைப் பக்கம், கொட்டியாரக் குடாவில் படகு ஓட்டும் பெண்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போய்க் கடலாமை காட்டுகிறார்கள். அதில் வரும் காசில் ஒரு பங்கைக் கடலைக் காப்பாற்றவே செலவழிக்கிறார்கள். அந்தச் சங்கத்துக்கு இந்தப் பக்கம் வேலை பார்க்கும் சுமன் வந்து, “டீச்சர், சந்தோசமான கதையா ஒண்ணு எழுதித் தாங்க. சங்கக் கூட்டத்துல வாசிக்கணும்” என்றான்.

கடலைப் பற்றி எழுத மலைத்தோட்டத்து டயகமக்காரி எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தேத்தண்ணி ஆறும்வரை விளக்கினான்.

2

முதல் தொடக்கம்: ‘நீலக் கடலின் மடியில் துள்ளி விளையாடும்—’ சீ. நான் கடலைப் பார்த்ததே இரண்டு தடவை. அதில் ஒரு தடவை வாந்தி.

அடுத்தது: ‘பனி போர்த்திய தேயிலை மலைகளின் நடுவே ஒரு சிற்றோடை—’ இது காலண்டருக்கு ஆகும்.

சரி, நேராகவே சொல்கிறேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஓர் ஓடை இருக்கிறது. மழை பெய்தால் கரை மண் கரைந்து தண்ணீர் சிவந்துவிடும். அந்தச் சேறு எங்கெங்கோ சுற்றி மகாவலி ஆற்றில் சேர்ந்து, குடாவில் போய் விழுகிறது. அங்கே கடலுக்கடியில் புல் வளர்கிறது. (நானும் நம்பவில்லை. சுமன் போனில் படம் காட்டினான். பச்சைப் புல்லேதான்.) ஆமை மேய்வது அதில். மீன்குஞ்சு ஒளிவது அதில். சேறு படிந்தால் அது செத்துப்போகும். அப்புறம் ஆமையும் வராது, பயணிகளும் வரமாட்டார்கள்.

அதனால் படகுப் பெண்கள் தங்கள் பங்கில் கொஞ்சத்தை மலைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஓடைக்கரையில் லீக்ஸ் காய்கறி போட்டிருந்த நான்கு பெண்களுக்கு அது மாதாமாதம் வரும். பதிலுக்கு அவர்கள் கரையைக் கொத்தாமல் விட வேண்டும். புல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

3

கதாநாயகி, அந்த நான்கு பேரில் ஒருத்தியான பேச்சியம்மா. (அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் கிளம்ப வேண்டாம்.)

முதலில் அவளை வாய் பேசாத ஏழையாக எழுதினேன். அடித்துவிட்டேன். பேச்சி வாய் திறந்தால் பஸ் போய்விடும்.

லீக்ஸ் பாத்தியை விட்டுக்கொடுத்தபோது அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஆனால் சங்கத்துப் பங்கில்தான் மகள் பிரேமினி ஹட்டனில் தங்கி உயர்தரம் படிக்கிறாள். பங்கு நின்றால் அவள் திரும்பி வர வேண்டியதுதான். பேச்சிக்கு இருக்கும் பயமெல்லாம் அந்த ஒன்றுதான்.

புல் இடுப்பளவு வளர்ந்தது. பேச்சிக்கு வெட்கமாகிவிட்டது. “பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? நாலு சோம்பேறிங்க இருக்காளுங்கன்னு தானே?” என்று என்னிடம் புலம்பினாள்.

4

போன மாதம் சங்கத் தலைவி பூரணம், பயணிகள் சிலரோடு கரையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் தொரை, அதாவது மானேஜர், பார்க்க வருகிறார் என்றால் மலையில் ஒரு புல் நிற்கக் கூடாது. பிறந்ததிலிருந்து எங்களுக்குத் தெரிந்த மரியாதை அது. பெரியவர்கள் வருகிறார்கள் என்றதும் கை தானாகச் சொரண்டியைத் தேடும். (புல் செதுக்கும் கருவி. இது இல்லாத வீடு தோட்டத்தில் இல்லை.)

நான்கு பேரும் இறங்கினார்கள். மாலைக்குள் கரை முழுக்கச் செம்மண். ஓரத்துக் கற்களுக்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள்.

மறுநாள் பூரணம் வேனிலிருந்து இறங்கிப் பார்த்தார்.

“அக்கா, புல்லெங்க?”

“சுத்தமா எடுத்தாச்சுங்க. ஒண்ணு விடல. நீங்க வாரீங்கன்னுதான்” என்றாள் பேச்சி.

பயணிகள் அந்த வெள்ளைக் கற்களைப் படம் எடுத்தார்கள். பூரணம் குனிந்து செம்மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. ஓடை சிவந்து ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற பேச்சி, “அய்யய்யோ, என்ன வேல செஞ்சுட்டோம்” என்று மெதுவாகச் சொன்னாள்.

5

ஒரு முடிவு: பூரணம் சிரிக்கிறார். “நாங்களும் முதல்ல வெள்ளைக்காரங்க வாறாங்க எண்டு கரையில ஒதுங்கின கடற்புல்லெல்லாம் கூட்டி எரிச்சனாங்க” என்று சொல்லிப் பேச்சியைக் கட்டிக்கொள்கிறார். (நன்றாக இருக்கிறது, இல்லையா? அவர் அப்படிச் சொல்லவே இல்லை.)

இன்னொரு முடிவு: பங்கு நின்றுவிடுகிறது. பிரேமினி பெட்டியோடு வந்து இறங்கி, கொழுந்துக் கூடையை எடுத்து— இல்லை. கை வரவில்லை.

உண்மையில் பூரணம் வேனில் ஏறும்போது சொன்னது இதுதான்: “டீச்சர், நான் ஒராள் முடிவெடுக்க ஏலாது. நடந்ததை நடந்தபடி எழுதித் தாங்க. எங்கட ஆக்களுக்கு வாசிச்சுக் காட்டுறன். பங்கை நிறுத்துறதா, தொடர்றதா எண்டு கை தூக்கித்தான் முடிவு.”

சுமனின் சந்தோசக் கதை அத்தோடு போயிற்று.

6

நேற்றுக் காலை பேச்சி வந்தாள்.

“ஏ டீச்சரு, எழுதிட்டியா?”

“எழுதிக்கிட்டு இருக்கேன்.”

“நான் மட்டுந்தான் சொரண்டுனேன்னு எழுதிரு. மத்தவளுக மூணு பேரும் வேணாம்னு சொன்னாளுக, நான்தான் கேக்கலன்னு போடு. அவளுக பங்காவது நிக்காம வரட்டும்.”

“அப்ப பிரேமினி?”

வாய் திறந்தால் பஸ்ஸைத் தவறவிடுகிறவள் எழுந்து போய்விட்டாள்.

நான்கு பேர் இறங்கினார்கள் என்று எழுதியதை நான் அடிக்கவில்லை. அவள் கேட்டதையும் மறைக்கவில்லை. இதற்காகப் பேச்சி என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ தெரியாது.

படகுப் பெண்களே, நான் இதற்கு மேல் எழுத மாட்டேன். பூரணம் இந்தத் தாளை வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பார். அந்தக் கூட்டத்தில் என் கை செல்லாது. உங்களுடையதுதான் செல்லும்.