இருபத்தொன்பது கிராம் விமானம்

அக்காவுக்கு விமான ஆசை வந்தது ஆஸ்பத்திரியில். டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில், சுவரில் மாட்டியிருந்த டிவியில் எவனோ ஒருத்தன் பெரிய உள்ளரங்கம் ஒன்றில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பொம்மை விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். அது விர்ரென்று பாயவில்லை. மனுஷன் நடக்கிற வேகத்தில், ஆற அமர, மூலைக்கு மூலை திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் கழுத்து நன்றாகவே நின்றது, வலது கையும் தோள் வரைக்கும் எழும்பும்.

“டேய் குளிரு, இந்த மாதிரி ஒண்ணு நீ செய்வியா?” என்றாள்.

தம்பி ஏசி மெக்கானிக். இருபது வருஷமாக அடுத்தவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கி ஊரைக் குளிர வைத்துக்கொண்டிருப்பவன். அதனால் அக்கா வாயில் அவன் ‘குளிரு’. ஏசியைப் பிரித்து மேய்கிறவனுக்கு இந்த அட்டை விமானம் ஒரு பொருட்டா என்ன? “இதென்ன பிரமாதம், ஒரே மாசத்துல செஞ்சு குடுத்துடறேன்” என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டான்.

பிறகு டாக்டர் கூப்பிட்டார். உள்ளே போனார்கள். டாக்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. கால் ஏற்கெனவே போய்விட்டது, கையும் போய்க்கொண்டிருக்கிறது, விரல்கள் மூன்று மாதம் தாங்கினால் பெரிய விஷயம், அதற்கு மேல் பேச்சு, அதற்கு மேல் மூச்சு என்று வரிசையாகச் சொன்னார். மருந்து இருக்கிறதா என்று தம்பி கேட்டதற்கு மேஜையைப் பார்த்தார். அவ்வளவுதான் பதில்.

வெளியே வந்து சக்கர நாற்காலியைத் தள்ளும்போது அக்கா சொன்னாள்: “கட்டைவிரல் இருக்கும்போதே ஒரே ஒரு தடவை ஓட்டிடணும்டா. அது போதும் எனக்கு.”

அந்தப் ‘போதும்’ தம்பியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எல்லாக் கேட்டுக்கும் அதுதான் காரணம். ஆனால் அன்றைக்கு அது அவனுக்கே தெரியாது.

வேலை அடுத்த நாளே தொடங்கியது. புது ஏசி வருகிற பெட்டிக்குள் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட் சுற்றி வரும், எல்லோரும் கிழித்துக் குப்பையில் போடுவார்கள். அதைச் சேர்த்து வைத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உடைத்துப் போட்ட டிரோன் பொம்மைகள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தான். இரண்டும் ஒரே மாதிரி, ரிமோட்டும் இரண்டு. ஃபோமைப் பிளேடால் வெட்டி, மேஜை விளிம்பில் தேய்த்து, இறக்கையை லேசாக வளைத்தான். முதுகெலும்புக்கு மூங்கில் குச்சி. டிரோனிலிருந்து பிடுங்கிய குட்டி மோட்டாரில் இறக்கைக்கு ஒன்று. வலது மோட்டார் வேகமாகச் சுற்றினால் விமானம் இடது பக்கம் திரும்பும், இடது வேகமெடுத்தால் வலது பக்கம். வாலை அசைக்கத் தனியாக எந்த எந்திரமும் வேண்டாம். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபம் கிடையாது.

சமையலறைத் தராசில் வைத்தான். நாற்பத்தாறு கிராம்.

“கனம்” என்றாள் அக்கா கட்டிலில் இருந்தபடி. “எங்க, கிட்ட கொண்டா.”

அவள் பத்தொன்பது வருஷம் சர்க்யூட் போர்டு கம்பெனியில் இருந்தவள். செக்கிங் பிரிவு. ஒரு நாளைக்கு எண்ணூறு போர்டு அவள் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். பற்றவைப்பு சரியில்லாத இடத்தில் கருப்பு டேப்பை ஒட்டித் தள்ளிவிடப் பார்க்கிற கில்லாடிகள் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள்! தம்பி வைத்த ஈயத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னடா இது, இட்ட ஈயத்துல ஒரு குடத்துக்கே பூசலாம் போலிருக்கு. வழிச்சு எடு. வயரைப் பாதியா வெட்டு.”

வழித்து எடுத்தான். வெட்டினான். முப்பத்தெட்டு கிராமுக்கு இறங்கியது.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் தரைத்தளத்தில் கூட்டம் போடுவதற்கு ஒரு பெரிய ஹால் உண்டு. நடுவில் ஒரே ஒரு தூண். அங்கே ஏசி பராமரிப்பு தம்பிதான், அதனால் சாவியும் அவனிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை லிப்டில் இறக்கிக் கொண்டுபோனான். ஏசிக் காற்று பட்டால் விமானம் தடுமாறும் என்பதால் அதை அணைத்தான். விமானத்தைத் தரையில் வைத்து ரிமோட்டால் ஓட விட்டான். ஆகா, கிளம்பியதே! இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவது சுற்றில் தூணில் மோதி, மூக்கு நசுங்கி விழுந்தது.

“குடுடா, நான் ஓட்டறேன்” என்றாள் அக்கா. கட்டைவிரலை ஆட்டிக் காட்டினாள். அன்றைக்கு அது ஆடியது. நன்றாகவே ஆடியது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

“இரு அக்கா. கொஞ்சம் வேகமாப் போகுது பாரு. எடை குறைஞ்சாத்தான் மெதுவாப் போகும். முதல் தடவை ஓட்டறவங்க கைக்கு இது அடங்காது. ஒரே வாரம்.”

“மோதினா மோதட்டுமே. அஞ்சு நிமிஷத்துல ஒட்டிட மாட்டியா?”

“ஒரே வாரம்க்கா.”

சொன்னது பொய்யில்லை. எடை குறைந்தால் மெதுவாகப் போகும் என்பது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லியே ஒருத்தரை ஏமாற்ற முடியும், அதைத்தான் அவன் செய்தான். அடுத்த வாரம் விமானத்தின் சக்கரத்தை இன்னும் லேசானதாக மாற்றினான். அதற்கடுத்த வாரம் குச்சியை இழைத்தான். பிறகு பசையைச் சுரண்டினான், டேப்பைப் பாதி அகலத்துக்குக் கிழித்து ஒட்டினான். முப்பத்தைந்து. முப்பத்துமூன்று. முப்பத்திரண்டரை. வேலைக்குப் போன இடத்தில் ஏணி மேல் நிற்கும்போதும் அதே நினைப்பு. அக்கா ஒவ்வொரு ஞாயிறும் “இன்னிக்கா?” என்று கேட்பாள். “அடுத்த வாரம்” என்பான். அவள் விரலில் இருந்து டீ டம்ளர் நழுவியது. ஸ்பூன் நழுவியது. பார்க்காத மாதிரி இருந்தான், படுபாவி.

அவன் மனைவிதான் ஒரு நாள் போட்டு உடைத்தாள்.

“அந்த விமானம் போன மாசமே தயார். உங்க மனசுதான் தயாராகல. அவங்க ஆசை நிறைவேறிட்டா அதோட கண்ணை மூடிடுவாங்கன்னு இழுத்தடிக்கிறீங்க.”

“வாயை மூடுடி.”

“நான் மூடிக்கறேன். அவங்க விரலும் மூடிக்கிட்டிருக்கு, அதைப் போய்ப் பாருங்க.”

அவன் போய்ப் பார்க்கவில்லை. பட்டறைக் கத்தரியை எடுத்து இறக்கை ஓரத்தில் இன்னும் ஒரு நூல் அகலம் வெட்டினான்.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது டிவியில் ஏதோ விளம்பரம் பெருஞ்சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கை டிவி ரிமோட்டின் மேல் இருந்தது. “சத்தத்தைக் குறைக்கலாமேக்கா” என்றான். “அரை மணி நேரமா அதைத்தான்டா பண்ணிக்கிட்டிருக்கேன்” என்றாள். பேச்சும் இப்போது துண்டு துண்டாக, மூச்சுக்கு இரண்டு வார்த்தையாகத்தான் வந்தது. அவன் கையை எடுத்துப் பார்த்தான். கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து சும்மா கிடந்தது.

அன்றைக்கு விமானம் இருபத்தொன்பது கிராம். அவன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான்.

அழுது முடித்தவன் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். அந்தப் பொம்மைகளில் ஒரு குணம் உண்டு: விமானத்தில் பேட்டரியை மாட்டியதும் எந்த ரிமோட் முதலில் உயிர்பெறுகிறதோ அதற்குத்தான் அது கட்டுப்படும். இணையாத ரிமோட்டில் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், பீப் பீப் என்று கத்தும். இவன் ஒரு ரிமோட்டைத் திறந்து கத்துகிற பாகத்தைப் பிடுங்கினான். மின்னுகிற விளக்கின் மேல் கருப்பு டேப்பை ஒட்டினான். அது அக்காவுக்கு. இன்னொன்று அவனுடைய தோள்பைக்குள்.

ஞாயிறு காலை ஹாலில் நாலே பேர். அக்கா, தம்பி, அவன் மனைவி, வேடிக்கை பார்க்க வந்த வாட்ச்மேன். அக்காவின் மடியில் ரிமோட்டை வைத்து, கட்டைவிரலை எடுத்துக் குச்சியின் மேல் வைத்தான். “லேசாத் தொட்டாலே போதும்க்கா, ஸ்பிரிங்கை லூசாக்கிட்டேன்” என்றான். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று பைக்குள் கையை விட்டுக்கொண்டான்.

விமானம் ஓடியது, எழுந்தது. அடடா, என்ன அழகு! நாலு மாத உழைப்பு வீண்போகவில்லை. டிவியில் பார்த்ததைவிட மெதுவாக, ஹாலைச் சுற்றி, தூணைச் சுற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் இறக்கை பளபளக்க எட்டு சுற்று வந்தது. வாட்ச்மேன் கைதட்டினார். “அம்மா பைலட் ஆயிட்டாங்க!” என்றார். தம்பி விமானத்தை அக்காவின் காலடிக்கே கொண்டுவந்து இறக்கினான்.

அக்கா சிரிக்கவில்லை.

“முன்னால வா” என்றாள். வந்தான். “கையை வெளியில எடு.”

அவன் எடுக்கவில்லை.

“விளக்கு மேல எதுக்குடா டேப்?”

“வெளிச்சம் கண்ணைக் கூசும்னு...”

“பத்தொன்பது வருஷம்... என்கிட்ட... எவ்வளவு பேர்டா இந்த டேப்பை ஒட்டியிருக்காங்க.” மூச்சு வாங்கினாள். “பிரி.”

அவன் மனைவி குனிந்து டேப்பைப் பிரித்தாள். விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. வாட்ச்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் இது தான் நிற்க வேண்டிய இடமில்லை என்று மட்டும் புரிந்து வெளியே போனார்.

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். பையிலிருந்து ரிமோட்டை எடுத்துக் கீழே வைத்தான்.

“விரல் இருந்தப்ப குடுக்கல. விரல் போனப்புறம் நாடகம்” என்றாள் அக்கா. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. தம்பியின் மனைவி துடைத்தாள்.

“அது போதும்னு சொன்னியேக்கா” என்றான் அவன். தேம்பல் வந்தது. “ஓட்டி முடிச்சதும் போதும்னு போயிடுவியோன்னு பயந்துட்டேன். விமானம் முடியாம இருக்கற வரைக்கும் நீ இருப்பேன்னு...”

“பைத்தியக்காரா. பறந்தாலும் போகத்தான் போறேன். பறக்காட்டாலும் போகத்தான் போறேன்.” காலடியில் நின்ற விமானத்தைப் பார்த்தாள். “நான் ஓட்டிட்டுப் போயிருப்பேன்ல?”

அவன் கீழே வைத்த ரிமோட்டைத் தள்ளி வைத்தான்.

“என்னோடதை இணை” என்றாள்.

“விரல் அசையாதேக்கா...”

“அசையாது. விழும்ல?”

அவனுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. விமானத்தின் பேட்டரியைக் கழற்றினான். தன் ரிமோட்டை அணைத்துவிட்டு மறுபடி மாட்டினான். அக்காவின் ரிமோட் விளக்கு மின்னுவதை விட்டு நிலையாக எரிந்தது. மடியில் இரண்டு தலையணை வைத்து ரிமோட்டைச் சாய்த்தான். மேலிருந்து கட்டைவிரல் விழுந்தால் சரியாக வேகக் குச்சி மேல் விழுந்து அதை முன்னால் தள்ளும்படி வைத்தான். அவள் முழங்கையைப் பிடித்து மணிக்கட்டைத் தூக்கினான். விமானம் இருபத்தொன்பது கிராம். ஒரு விரலின் எடை என்ன என்று அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

“நான் சொன்னதும் விடு” என்றாள். “நீ தள்ளாதே. சத்தியமா?”

“சத்தியமா.”

“விடு.”

விட்டான். விரல் விழுந்தது. குச்சி கோடி வரைக்கும் போனது. விமானம் தரையில் இரண்டடி ஓடி, அலறிக்கொண்டு எழும்பி, நேரே போய் எதிர்ச்சுவரில் மோதியது. மொத்தம் மூன்று நொடி இருக்குமா? இருக்காது. ஒரு இறக்கை ஒடிந்து மல்லாக்க விழுந்தது. ஒரு மோட்டார் நின்றுபோனது, இன்னொன்று கூரையைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்கு விரலைப் பின்னால் இழுக்க வேண்டும், அது அவளால் ஆகாது.

“அது நான்டா” என்றாள் அக்கா.

“ஆமாக்கா. நீதான்.” அவன் விரலை எடுக்கக் கை நீட்டினான்.

“எடுக்காதே. ஓடட்டும்.”

“இறக்கையை ஒட்டிடட்டுமா? அஞ்சு நிமிஷம்தான்.”

“ஒட்டாதே” என்றாள். “நான் உடைச்சது. அப்படியே வை.”

மூவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேட்டரியில் மிச்சம் நாலு நிமிஷத்துக்குத்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது, இழுத்தது, ஒருமுறை விக்கியது. அது நின்ற பிறகுதான் அவன் அவள் விரலைக் குச்சியிலிருந்து எடுத்து மடியில் வைத்தான்.