வேனில் ஏறாதவர்

கணவர் போன பிறகு வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அவருடைய பொறுமையையும் நேர்மையையும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அவள் தலையாட்டிக்கொண்டாள். ஆனால் அவள் நெஞ்சை நிமிர்த்தியது வேறொன்று: மலைச்சாலை வளைவில், எல்லோரும் பார்க்க, ஒற்றைக்காலில் நின்ற மனிதர்.

அவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஞாயிறானால் சைக்கிள் குழுவோடு கிளம்பிவிடுவார். எப்போதும் பின்தங்குவதால் குழுவில் அவருக்கு வைத்த பெயர் ‘கடைசிப் பெட்டி’. ஐம்பதைத் தாண்டியதும் வலது முட்டி முரண்டு பிடித்தது.

“வலி முட்டியில, வம்பு தொடையில. அது இறுகிப்போய் முட்டியை இழுக்குது,” என்றார் பிசியோதெரபிஸ்ட். ஓட்டி முடித்து உடம்பு சூடாக இருக்கும்போது, குதிகாலைப் பின்னால் மடக்கிப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் செய்வார். முதல் நாள் பிடிமானத்துக்கு ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தார். அது திறந்துகொள்ள, முட்டைத் தட்டோடு சரிந்தார்.

“முட்டியைச் சரிபண்ணச் சொன்னா முட்டையை உடைக்கிறீங்களே!”

“வெளிய சொன்னே, தெரியும் சேதி.”

அதன்பின் அவளே தோள் கொடுத்து நின்றாள், தினமும்.

மலைப் பயணத்துக்கு முன் குழுவின் கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டான்: பின்னால் வரும் வேனில் ஏறுகிறவருக்குக் கடற்கரைப் பயணத்தில் இடமில்லை. கடலோரமாகவே ஒரு வாரம் சைக்கிளில் போவது அவருடைய வெகுநாள் ஆசை.

பாதி மலையில் முட்டி வலித்து, அவர் சைக்கிளைவிட்டு இறங்கிவிட்டார். வேன் பக்கத்தில் வந்து நின்றது; துணைக்கு வந்த அவளும் அதில்தான் இருந்தாள். டிரைவர், “போதும் சார், ஏறுங்க,” என்றார். மேல் வளைவில் இளைப்பாறிய கூட்டம் எட்டிப் பார்த்தது.

“கடைசிப் பெட்டி கழண்டுடுச்சு டோய்!”

டிரைவர் அருகில் இருந்த அவளுடைய கை கதவுக்குப் போனது. திறந்தால் ஏறிவிடுவார்; அவரை அவளுக்குத் தெரியும். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சாலையோரக் கம்பியைப் பிடித்து, குதிகாலைப் பின்னால் தூக்கினார்.

“என்ன அண்ணே, கொக்கு மாதிரி?”

“மீன் வந்தா சொல்லுங்கப்பா.”

ஜன்னலைச் சாத்திக்கொண்டவரா இவர்! நிதானமாக அடுத்த காலையும் மடக்கிப் பிடித்து முடித்து, சைக்கிளில் ஏறி மிதித்தார். சிரித்த கூட்டத்தைத் தாண்டியபோதும் திரும்பவில்லை.

அவர்கள் மீண்டும் முந்திப் போனார்கள். உச்சிக்கு அவர் கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் சைக்கிளில். அங்கே கேப்டன் தொடையைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான்.

“கடற்கரைக்கு முதல் பேரே உங்களுதுதான் அண்ணே. இப்ப அந்த வித்தையை எனக்கும் சொல்லிக்குடுங்க.”

“என்னை ஏன் கேக்கிறே? என் கால் ரெண்டும் உங்க அண்ணி கைங்கர்யம்.”

நாலு பேர் முன்னால் அவர் அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் வேனைப் பார்த்துத் திரும்பினார்கள். அவள் கதவைத் திறந்துகொண்டு, தலை நிமிர்ந்து இறங்கினாள்.