இரண்டாவது நாற்காலி

முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு எங்கள் கரகோல் ஊரிலேயே உயரமான மனிதன் நான்தான். விருந்துகளில் எல்லோரும் தரையில் மெத்தை விரித்து விரிப்பைச் சுற்றி உட்கார, எனக்கு மட்டும் வாசலோரம் நாற்காலி. கீழே ஓடும் சிரிப்பு என் காதுக்கு ஏறி வருவதற்குள் குளிர்காலச் சூப்பைப்போல உறைந்துவிடும். வீட்டிலோ மனைவி போனபின் வானொலிதான் என்னோடு பேசுகிறது. விருந்திலாவது பக்கத்தில் ஓர் ஆள் வேண்டாமா?

ஜொல்தோஷ்மேல் கண் வைத்தேன். என்னோடு லாரி ஓட்டியவன். அவன் மகளைத்தான் என் தம்பி மகன் கட்டியிருக்கிறான். அவன் எழுந்தால் முழங்கால் போடும் சத்தத்தில் மலையில் பனி சரியும். ஆனாலும் கத்திக்குப் பயந்து அறுவையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான்.

பாலிகிளினிக்கில் நர்ஸ் ஜமால் எனக்குத் தசை இளக அல்ட்ராசவுண்ட் வைப்பாள். தழும்புக்கு மேலே இறுகிய தொடைத் தசையில் குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியின் வட்டத் தலையை மெல்லச் சுழற்றுவாள். ஒன்றும் கேட்காது. லேசாக வெதுவெதுப்பு, சில நாள் அதுவும் இல்லை. நான் ஜொல்தோஷிடம் சொன்னதோ, உள்ளே யாரோ கொமுஸ் வாத்தியத்தின் தந்தியை மீட்டுகிறார்கள், தசையெல்லாம் வெண்ணெயாக உருகுகிறது, என் வழுக்கையில்கூட முடி முளைக்கிறது என்று.

இலையுதிர்காலத்தில் அறுவைக்குப் போனவன், திரும்பி வந்து எனக்கு அடுத்த கட்டிலில் படுத்தான். ஜமால் அவன் தொடையில் கருவியை வைத்தாள். கண்ணை மூடிக் காத்திருந்தான்.

"எங்கடா கொமுஸ்?"

"பொறுடா, சுதி சேக்கறாங்க."

"துர்கன் அண்ணன் வாய்க்கு ஒரு மெஷின் வச்சா ஊருக்கே கரண்ட் எடுக்கலாம்," என்றாள் ஜமால். "ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன், தரையில உக்காரக் கூடாது."

ரெண்டு பேருக்கும். அந்தச் சொல்லை வீடுவரை சுவைத்துக்கொண்டே போனேன்.

தம்பி மகனின் குழந்தைக்குத் தொட்டில் விருந்து வந்தது. முதல் ஆளாகப் போய், என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு, என் கோட்டை விரித்து இடம் பிடித்தேன்.

ஜொல்தோஷ் வந்தான். தம்பி மகன் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான். மறுகையால் என் கோட்டை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு அந்த நாற்காலியைத் தூக்கினான்.

"இங்கயே இருக்கட்டுமேடா," என்றேன்.

"சம்பந்திய வாசல்ல உக்கார வைக்கறதா? நல்லாருக்கே பெரியப்பா."

சம்பந்திக்கு வாசலுக்கு எதிரே மேலிடம், வீட்டு ஆளுக்கு வாசலோரம். இத்தனை கல்யாணத்தில் கறி தின்றவன், எப்படி மறந்தேன்?

நடுவில் தலைகள், ஆவி பறக்கும் குதிரைக்கறி, சிரிப்பு. அதற்கு மேலே அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான். கத்தினாலும் கேட்காது. கோப்பையைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் தொடையில் கை வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தபடி, இல்லாத தந்தியை விரலால் மெல்ல மீட்டினான்.

நானும் என் தொடையில் கை வைத்துக்கொண்டேன்.