நீல நாக்கு

ரொட்டி ஆலையின் பின்கட்டில் வேலை பார்த்த அவளை எல்லாரும் நீலக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கடைகளில் விற்காமல் திரும்பி வரும் ரொட்டிகளைப் பின்சுவர் ஓரத்துத் தொட்டியில் கொட்டி, அவற்றின் மேல் கக்கூஸ் கழுவும் நீல மருந்தை ஊற்றுவது அவளுடைய வேலை. ஆமாம் கண்ணுகளா, சரியாகத்தான் கேட்டீர்கள். கெட்டுப்போன ரொட்டி இல்லை. காலையில் சுட்டது, மாலையிலும் மெத்தென்று இருப்பது. அதை நாய்கூட மோந்து பார்க்காதபடி ஆக்குவதற்கு ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு கூலி.

"சும்மா கெடச்சா எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்பார் மேனேஜர். வயிறு நிறைந்தவர்களுக்கு நிறைய விஷயங்கள் நியாயமாகப் படும்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை அறைகள். அதில் ஒன்றில் அவளுடைய நாத்தனார், புருஷன் போன பிறகு பிள்ளைகளோடு இருந்தாள். ரொட்டி வாசனை சுவருக்கு மதிப்புக் கொடுக்காது. தாண்டிப் போய்ப் பசித்த மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் நாத்தனாரின் சின்ன மகள் சுவரேறித் தொட்டியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து, நீலம் படாத ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டாள். அவள் பிழைத்ததே பெரிது. நீலக்கை தன் கைகளைப் பார்த்தாள். கூலிக்குத்தான் ஊற்றினாள், ஆனாலும் ஊற்றியது இந்தக் கைதானே?

மறுநாளிலிருந்து மருந்து சாக்கடைக்குப் போனது. கேக் பிரிவில் ரோஜா பிழியும் க்ரீம்காரி ரகசியமாய்க் கொடுத்த நீலச் சாயத்தைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினாள். பார்வைக்கு அதே நீலம். தின்றால் ஒன்றும் செய்யாது; அதை நாத்தனாரிடம் ரகசியமாகச் சொல்லியும் வைத்தாள். வாசனைக்குத் தொட்டியின் வெளிவிளிம்பில் மருந்துத் துணியால் ஒரு இழுப்பு.

"நாக்குல ஒட்டும்க்கா, லேசா விடுங்க" என்று க்ரீம்காரி சொன்னதை, ரொட்டிப் பிரிவிலேயே காலம் தள்ளிய நீலக்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாராளமாக ஊற்றினாள். தகர அறைகளில் சின்னதும் பெரிசுமாய் எல்லார் நாக்கும் நீலமாயிற்று.

பிடிபட்டது நாத்தனார்தான். ரொட்டியோடு சுவரேறும்போது காவலாளி அமுக்கிவிட்டான். மேனேஜர் போலீஸ்காரரை வரவழைத்தார். வெயிலில் வந்தீர்களே என்று ஆலைக்குள்ளேயே எல்லார் முன்னாலும் உட்காரவைத்து, தட்டில் கேக் வைத்தார். மேலே பெரிய நீல ரோஜா. போலீஸ்காரர் ரோஜாவைத்தான் முதலில் தின்றார். எதிரே நின்ற நாத்தனார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாக்க நீட்டு."

நீட்டினாள்.

"ஆகா! சாட்சியே வேணாம். ஏறு வண்டியில."

"ஐயா, பிள்ளைங்க தனியா இருக்குங்கய்யா…"

"இருங்க சார்," என்றார் மேனேஜர். "மருந்த தின்னவ இப்படி கல்லு மாதிரி நிக்கமாட்டா. உள்ள யாரோ ஏமாத்தறாங்க. யாருன்னு சொல்லு, உன்ன விட்டுடறேன்."

நாத்தனார் அண்ணி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பேசாமலிருந்தால் நீலக்கைக்கு வேலை மிஞ்சும். பிள்ளைகளுக்கு அம்மா மிஞ்சமாட்டாள்.

"சாயத்த ஊத்தினது நான்," என்று நீலக்கை முன்னால் வந்தாள். "குப்பைன்னு நீங்க கொட்டினத எடுத்தா அது எப்படி சார் திருட்டு?"

"குப்பையானாலும் எங்க குப்பை!" மேனேஜர் கத்தினார். "ரெண்டு பேரையும் கொண்டு போங்க சார். நீல நாக்கு ஒண்ணையும் விடாதீங்க!"

"அப்படியா?" நீலக்கை போலீஸ்காரரிடம் திரும்பினாள். "அப்ப மொதல்ல நீங்க நீட்டுங்கய்யா."

க்ரீம்காரி களுக்கென்று சிரித்தாள். "உதடே நீலமா இருக்கே, நாக்க வேற எதுக்குக்கா கேக்கறீங்க?"

மாவு மேசையிலிருந்து அடுப்பு வரைக்கும் சிரிப்பு ஓடியது. போலீஸ்காரர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்; துடைக்கத் துடைக்க நீலம் மீசைக்கு ஏறியது.

"அந்த கேக்குக்குக் காசு குடுத்தீங்களாய்யா?" என்று கேட்டாள் நீலக்கை. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க குப்பைத்தொட்டி பஞ்சாயத்துக்கெல்லாம் இனிமே என்னக் கூப்பிடாதீங்க!" மேனேஜர் மேல் எரிந்து விழுந்துவிட்டு போலீஸ்காரர் வண்டியேறினார். தனியாகத்தான்.

நீலக்கையை அந்த நிமிஷமே வெளியே துரத்தினார்கள். மருந்து டப்பாவை மேனேஜர் க்ரீம்காரியிடம் நீட்டினார். "ரோஜா பிழியற கை சார், நாத்தம் ஒட்டிக்கும்." மாவு பிசைகிறவரிடம் நீட்டினார். "மாவுக்கை சார், வழுக்கும்." அடுப்புக்காரர், கேட்கும் முன்பே அடுப்பு வாய்க்குள் தலையை விடாத குறையாகக் குனிந்துகொண்டார்.

கடைசியில் மேனேஜரே ஊற்றினார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த பிள்ளைகளின் கண்ணெதிரே, ஒரு ரொட்டி விடாமல். அவர் கை நடுங்கியது என்று சொல்லி உங்கள் மனசை ஆற்ற எனக்கும் ஆசைதான் கண்ணுகளா. நடுங்கவில்லை. சட்டையில் ஒரு சொட்டு நீலம் தெறித்தது. அதைத்தான் கவலையோடு பார்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம், நாத்தனாரின் சின்ன மகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் நீலக்கை.

"நல்லா பாத்துக்கடி," என்றாள். "அந்தக் கைய மறந்துடாத."