புகைக்குழாய்க்கு இடமில்லாத கிடங்கு

மிசௌரி ஆற்றில் நான் தோணி ஓட்டிய காலத்தில்தான் மோர்மன் என்ற புது மதத்துக்காரர்கள் எங்கள் பக்கம் வந்து குவிந்தார்கள். காலையில் பத்துக் குடும்பம், மதியத்துக்குள் ஆயிரம். என் தோணிக்கே இடுப்பு ஒடிந்துபோனது. வந்தவர்கள் பொதுக் கிடங்கு ஒன்று கட்டி, பீப்பாய் பீப்பாயாக உள்ளே உருட்டினார்கள்.

"வெடிமருந்துதான்," என்றான் பக்கத்துப் பண்ணை ஜெப்தா. "போய் மோப்பம் பிடிச்சிட்டு வாய்யா."

போனேன். கிடங்குக்காரர் ஓபதியா என்னை வாசலிலேயே மறித்தார். "அண்ணே, வாயில இருக்கற அந்தப் புகைக்குழாய வெளிய வச்சிட்டு வாங்க."

ஜெப்தாவுக்கு அது போதும்; நெருப்புக்குப் பயந்தால் உள்ளே வெடிமருந்துதானே. அன்று சாயங்காலமே கிடங்கைக் கொளுத்த இருபது பேர் தீப்பந்தத்தோடு கிளம்பினோம்.

வாசலில் ஓபதியாவின் மனைவி கெத்தூராள் நின்றாள். "உள்ள உப்புக்கறிதான் இருக்கு. புகையிலை எங்களுக்குக் கடவுள் வேண்டாம்னு சொன்னது. அதான் எங்க வீட்டுக்காரரு தடுத்தாரு."

"கடவுளுக்கு வேற வேலை இல்லையாக்கும்," என்றான் ஜெப்தா.

"எந்தப் பீப்பாயத் திறக்கணும்னு நீங்களே காட்டுங்க," என்றாள் கெத்தூராள்.

அவன் மூலையில் இருந்ததைக் காட்டினான். அவள் என் வாயில் புகைந்துகொண்டிருந்த குழாயை வெடுக்கென்று பிடுங்கி, பீப்பாய் மூடியைத் திறந்து உள்ளே போட்டாள். மற்றப் பத்தொன்பது வீரர்களும் குப்புற விழுந்தார்கள். நான் ஒரே தாவலில் பாதி ஆற்றைக் கடந்திருந்தேன்.

கறி ஊறிய உப்புத் தண்ணீரில் உஸ்ஸென்று குழாய் அணைந்த சத்தம் மட்டும் கேட்டது.

பந்தங்களை மணலில் அணைத்துவிட்டுத் திரும்பினோம். ஜெப்தா வழியெல்லாம் முனகினான். "புகையிலை இல்ல, சாராயம் இல்ல, காப்பிகூட இல்லயாம். அப்ப நாள் முழுக்க என்னதான்யா யோசிக்கிறானுங்க?"

எல்லோரும் பந்தத்தை வழியில் எறிந்தார்கள். அவன் மட்டும் இன்னொரு நாளைக்கு உதவும் என்று பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனான்.