மாலைப் பேருந்துக்கு அறுபது சதவீதம்

1

இந்தக் கதை ஒரு வகுத்தல் கணக்கில் பிறந்தது. நியூயார்க் மாநிலத்து மலையூர் ஒன்றில் எங்கள் பள்ளி இரண்டு வருமானங்களில் நடக்கிறது: ஊர்க்காரர்களின் வீட்டு வரி, மாநில உதவி. ஊர் வீடுகளின் மொத்தச் சந்தை மதிப்பைப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். விடை பெரிதானால் இது பணக்கார ஊர், உதவி குறையும். ஏரிக்கரையில் நியூயார்க் நகரத்துக்காரர்களின் கோடை மாளிகைகள் கூடிக்கொண்டே போகின்றன. பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். சூத்திரத்தில் பிழையில்லை. ஊரில் பணமும் இல்லை.

[முதல் தொடக்கம்: "பனி உருகிய ஏரியின் மேல் இளவெயில்—" வேண்டாம். வர்ணித்தால் கரையின் விலை இன்னும் ஏறும்.]

2

நோரீன் திபோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாலைப் பேருந்து ஓட்டுகிறாள். ஆய்வகத்திலும் கூடைப்பந்திலும் தங்கிவிட்ட பிள்ளைகளை ஐந்து மணிக்கு ஏற்றி, மலைப்பாதையில் வீடுவீடாக இறக்குவாள். அந்த வண்டி நின்றால் மலைப் பிள்ளைகளுக்கு மூன்று மணியோடு பள்ளி முடிந்தது, அவளுடைய வேலையும்தான்.

இந்த வருடம் மாநில உதவி குறைந்தது. வண்டி ஓட வேண்டுமானால் வீட்டு வரியை மாநிலம் விதித்த வரம்புக்கு மேல் உயர்த்த வேண்டும். அதற்கு வாக்களிப்பவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் சம்மதிக்க வேண்டும். மே மாதம், செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. மாளிகைக்காரர்களுக்கு வரி இங்கே, வாக்கு நகரத்தில்.

அவள் அண்ணன் வெண்டலுக்கு இரண்டும் இங்கேதான்.

3

வெண்டலைக் கஞ்சனாக எழுதத்தான் உட்கார்ந்தேன். "பழைய காலுறையில் டாலரைச் சுருட்டி வைத்து—" அடித்துவிட்டேன். அவனுடையது ஏரிக்கரையில் அப்பா விட்டுப்போன இரண்டறை வீடு. இருபுறமும் மாளிகைகள் எழுந்ததில் அதன் மதிப்பும் எழுந்தது. மரம் அறுத்து ஓய்ந்தவனின் ஓய்வூதியம் எழவில்லை. வரி இன்னொரு தரம் ஏறினால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

(முதியோருக்குச் சலுகை உண்டே என்பீர்கள். உண்டு, அறுபத்தைந்து வயதில். அவனுக்கு அறுபத்து மூன்று.)

ஏப்ரலில் அவனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. கார் ஓட்டக் கூடாது. அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்கச் சொன்னபோது, "நான் என்ன செத்தா கிடக்கேன்?" என்று தள்ளிவிட்டான்.

4

செவ்வாய் மதியம் நோரீனின் தொலைபேசி அடித்தது.

"ஏம்மா, என்னைக் கூட்டிட்டுப் போறியா?"

"எங்கே?"

"தெரியாத மாதிரி கேக்கறா பாரு. ஓட்டுப் போடத்தான்."

"வேண்டாம்னு போடப் போறே. அதுக்கு நானே வண்டி ஓட்டணுமா?"

"ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஏத்தி இறக்கறே. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

"உன்னை ஏத்தினா என் வண்டி நின்னு போயிடும், அண்ணே."

"ஏத்தலேன்னா என் வீடு போயிடும்."



5

முடிவு அ: நோரீன் மறந்துபோனதாக நடிக்கிறாள். எழுதிப் பார்த்தேன், நான்கு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் மறுநாள் அவளால் பிள்ளைகளை அதட்ட முடியவில்லை. அதட்டாத நோரீனை எனக்குத் தெரியாது.

முடிவு ஆ: வழியில் வெண்டல் மனம் மாறுகிறான். இது அவன் வீட்டைக் கொடுத்து நான் நல்ல பெயர் வாங்குவது. வேண்டாம்.

6

மூன்றரைக்கு அவள் தன் காரில் அவன் வீட்டுக்கு வந்தாள். வாக்குச்சாவடியாகியிருந்த பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடைசட்டத்தை ஊன்றி அவன் முன்னே போனான். பெயர்ப் பட்டியலோடு உட்கார்ந்திருந்த மர்னா சிரித்தாள்.

"நோரீன், காலையிலேயே போட்டுட்டுப் போனியே! மறுபடியும் என்ன?"

"நான் வெறும் டிரைவர்."

"நல்ல டிரைவர்தான். பள்ளம் ஒண்ணு விடாம எறக்கினா," என்றான் வெண்டல்.

வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குள் போனான். நோரீன் முதுகைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே நெடுநேரம் சத்தமில்லை.

வெளியே வந்தான். சீட்டை இயந்திரம் விழுங்கியது.

"ஆச்சா?"

"ம். உனக்கு அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணுமில்ல? வா, வா."

அவன் இடுப்புவலி தெரியும், ஓய்வூதியம் தெரியும், காலுறை கூடத் தெரியும் எனக்கு. அந்தத் தடுப்புக்குள் என்ன செய்தான் என்று தெரியாது. படைத்தவள் என்பதற்காக எட்டிப் பார்க்க எனக்கு உரிமையில்லை.

ஆகவே, வாசகரே, சீட்டு இப்போது உங்கள் கையில். ஒருபக்கம் அவன் வீடு, ஒருபக்கம் அவள் வண்டி. இரண்டையும் காப்பாற்றும் கட்டம் அதில் அச்சிடப்படவில்லை, தேட வேண்டாம். உள்ளே போங்கள். நான் திரும்பி நின்றுகொள்கிறேன்.